ஊரைப் படித்த மாணவர்கள்

கல்லூரி மாணவர்கள் வகுப்பறையை விட்டு ஓர் ஊருக்குச் சென்று, அவ்வூர் மக்களோடும் அவர்களுடைய சங்கங்களோடும் சேர்ந்து ஒரு வேலையை எடுத்து முடிப்பதையே பாடமாகக் கொள்ளும் முறை இன்று 'செயல்திட்டவழிக் கற்றல்' என்று அழைக்கப்படுகிறது. அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் கில்பாட்ரிக் 1918இல் எழுதிய 'செயல்திட்ட முறை' என்னும் கட்டுரையிலிருந்து இதன் வரலாற்றைத் தொடங்குவது கல்வியியல் நூல்களின் வழக்கம். அதே 1918ஆம் ஆண்டில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் ஆய்வு வரிசையில் முதல் நூலாக, 'சில தென்னிந்தியக் கிராமங்கள்' என்ற ஆங்கில நூல் வெளிவந்தது. மாணவர்கள் திரட்டி எழுதிய ஊர் விவரங்களே அந்நூலின் உடல். அவற்றைப் பதிப்பித்தவர் அவர்களுடைய பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர். கில்பாட்ரிக்கின் கட்டுரைக்கும் இந்நூலுக்கும் எத்தொடர்பும் இல்லை. ஒன்று கற்பிக்கும் முறையைப் பற்றிய வாதம். மற்றொன்று, முறையைப் பற்றி அதிகம் பேசாமலே செய்து முடிக்கப்பட்ட வேலை. தமிழகக் கல்லூரிகளுக்கும் ஊர்களுக்கும் இடையே அடுத்த நூறாண்டில் ஏற்பட்ட உறவுகளையும் அவற்றில் இருந்த குறைகளையும் அறிந்துகொள்ள இந்த இரண்டாவது நிகழ்வே ஏற்ற தொடக்கம்.

அக்காலத்துப் பல்கலைக்கழகத்தை இன்றைய பல்கலைக்கழகமாக எண்ணிக்கொள்ளக் கூடாது. 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம் அரை நூற்றாண்டுக் காலம் பெரும்பாலும் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே இருந்தது. பாடம் நடத்துவது கல்லூரிகளின் பொறுப்பு. 1904ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டம் பல்கலைக்கழகங்களே கற்பிக்கவும் ஆராயவும் வழிவிட்ட பிறகுதான் தனிப் பேராசிரியர் பதவிகள் உருவாயின. இந்திய வரலாற்றுக்கு 1914இல் சா. கிருஷ்ணசாமி ஐயங்கார் வந்தார். இந்தியப் பொருளியலுக்கு 1915இல் ஸ்லேட்டர் நியமிக்கப்பட்டார். 'இந்தியப் பொருளியல்' என்ற தொடருக்கே ஒரு பின்னணி உண்டு. இங்கிலாந்தின் ஆலைத்தொழிலையும் வணிகத்தையும் கண்டு வகுத்த விதிகள் எல்லா நாட்டுக்கும் அப்படியே பொருந்திவிடா என்று மகாதேவ கோவிந்த ரானடே 1892இல் புணே தக்காணக் கல்லூரியில் ஆற்றிய உரை அத்தொடரை நிலைபெறச் செய்தது. ஆயினும் மாணவர் கையில் இருந்தவை இங்கிலாந்தில் எழுதப்பட்ட பாடநூல்களே. குத்தகை, கூலி, வட்டி என்ற மூன்றையும் ஆங்கிலச் சொற்களில் வரையறுக்கத் தெரிந்த ஒருவர், தம் வீட்டு வயலில் வாரம் எவ்வாறு பிரிக்கப்படுகிறது என்பதைச் சொல்லத் தெரியாமலே பட்டம் பெறக்கூடிய நிலை அது.

ஸ்லேட்டர் வந்த வழியும் கருதத்தக்கது. ஆங்கில உழவரின் பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டுத் தனியுடைமையான வரலாற்றை 1907இல் நூலாக வெளியிட்டவர் அவர். 1909 முதல் 1915 வரை ஆக்ஸ்போர்டிலிருந்த ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தார். உழைக்கும் மக்களுக்கென்றே 1899இல் தொடங்கப்பட்ட அக்கல்லூரியில், அவர் பொறுப்பேற்ற 1909ஆம் ஆண்டிலேதான் மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்து வேலைநிறுத்தம் செய்தனர். முந்தைய முதல்வர் நீக்கப்பட்டது உடனடிக் காரணம். தொழிலாளிக்குக் கற்பிக்கப்படும் பொருளியல் யாருடைய நலனுக்கானது என்ற பூசல் அதன் அடியில் இருந்தது. பிரிந்து சென்றவர்கள் தமக்கெனத் தனிக் கல்லூரியையே அமைத்துக்கொண்டனர். அந்தப் பூசலின் சூடு தணியாத கல்லூரியை ஆறாண்டு நடத்திய ஒருவர் சென்னைக்கு வந்ததும் மாணவர்களை ஊருக்கு அனுப்பியது தற்செயல் என்று கொள்வதற்கில்லை. தமிழ் வாசகர்களில் பலர் இவரை அறிந்திருப்பது, இந்தியப் பண்பாட்டில் திராவிடக் கூறு பற்றி 1924இல் அவர் வெளியிட்ட நூலின் வழியாக. அதைவிட உறுதியான அவருடைய பங்களிப்பு இந்த ஊராய்வே என்பதில் ஐயம் கொள்ள இடமில்லை.

ஊராய்வு என்பது ஓர் ஊரின் குடும்பங்கள், சாதிகள், நிலவுடைமை, பயிர், விளைச்சல், குத்தகை, கூலி, கடன், கைத்தொழில், வெளியூர்ப் பிழைப்பு, பள்ளி, குடிநீர் ஆகிய அனைத்தையும் ஒரே வினாப்பட்டியலைக் கொண்டு கேட்டுப் பதிவது. ஸ்லேட்டர் 1916இல் அத்தகைய பட்டியலை மாணவரிடம் கொடுத்து, விடுமுறையில் சொந்த ஊரையோ நன்கு அறிந்த ஊரையோ ஆராய்ந்து எழுதிவரச் சொன்னார். இதில் செலவைக் குறைக்கும் சாதுரியம் இருந்தது. அதனினும் மேலாக, அயலான் எவனும் பெற முடியாத நுழைவு இருந்தது. வரி போடவோ நிலம் அளக்கவோ ஆள் வந்திருக்கிறது என்று ஊர் அஞ்சும் காலத்தில், 'நம்ம வீட்டுப் பிள்ளை' கேட்கும் கேள்விக்குக் கிடைக்கும் பதில் வருவாய் ஆய்வாளருக்குக் கிடைக்கும் பதிலாக இராது. ஏறத்தாழ இதே காலத்தில் புணே வேளாண் கல்லூரியின் ஹரால்டு மான் தக்காணத்து ஊர் ஒன்றை ஆராய்ந்து 1917இல் நூல் வெளியிட்டார். வங்காளத்தின் பரீத்பூர் மாவட்டத்தைப் பற்றி ஆட்சிப்பணி அதிகாரி ஜே. சி. ஜாக் எழுதிய நூல் 1916இல் வந்தது. அவற்றை நடத்தியவர்கள் விஞ்ஞானியும் அதிகாரியும். சென்னை ஆய்வை வேறுபடுத்திக் காட்டுவது, மாணவர் கையிலேயே எழுதுகோல் இருந்தது என்பதுதான்.

நூலில் இடம்பெற்ற தமிழகத்து ஊர்கள் ஐந்து: இராமநாதபுரம் மாவட்டத்து வடமலைபுரம், திருநெல்வேலியின் கங்கைகொண்டான், தஞ்சாவூரின் பாலக்குறிச்சி, தென்னார்க்காட்டின் இருவேல்பட்டு, வடஆர்க்காட்டின் தூசி. தெலுங்கு, மலையாளப் பகுதிகளின் ஊர்களும் உடன் இருந்தன. சிவகாசிக்கு அருகிலுள்ள கரிசல் ஊர், காவிரிக் கடைமடை நஞ்சை ஊர், காஞ்சிபுரத்துக்குத் தெற்கே பெரிய ஏரியை நம்பியிருந்த ஊர் என்று இவை ஒன்றோடொன்று ஒட்டாதவை. புள்ளியியல் விதிப்படி பொறுக்கி எடுத்த மாதிரிகள் அல்ல இவை. மாணவர் எங்கிருந்து வந்தாரோ, அந்த ஊர் நூலில் வந்தது. இக்குறைதான் பின்னர் ஒரு வளமாக மாறியது. ஒரே அளவுகோலுக்குள் அடங்காத ஊர்களாக இருந்ததால், 'தமிழகக் கிராமம்' என்று பொதுப்படப் பேசுவதற்கு அந்நூல் தொடக்கத்திலேயே தடையாக நின்றது.

மாணவர்களின் பார்வைக்கு எட்டியவற்றுக்கும் எட்டாதவற்றுக்கும் காரணம் அவர்கள் நின்ற இடம். 1916இல் சென்னைக் கல்லூரிகளில் பொருளியல் பயின்றவர்களில் பெரும்பாலோர் நிலமுள்ள மேல்சாதிக் குடும்பத்து ஆண்கள். பெண்களுக்கென அரசு தொடங்கிய கல்லூரிக்கு, பிற்காலத்து இராணி மேரிக் கல்லூரிக்கு, அப்போது வயது இரண்டு. மகளிர் கிறித்தவக் கல்லூரிக்கு வயது ஒன்று. ஆகவே நிலவுடைமைக் கணக்கு திண்ணையிலேயே கிடைத்துவிட்டது. சேரியின் கணக்கு திண்ணையில் இருந்தவர்கள் சொல்லித்தான் கிடைத்திருக்கும். அடுப்படியில் என்ன வெந்தது, யார் கடைசியில் உண்டார் என்பவை வினாப்பட்டியலில் இருந்தாலும் இளைஞர் ஒருவர் கேட்டு விடை பெறும் கேள்விகள் அல்ல. தஞ்சையில் 'பண்ணையாள்' என்றும் தென்னார்க்காட்டில் 'படியாள்' என்றும் பெயர் பெற்ற முறையை, அதாவது நிலவுடைமையாளரிடம் பெற்ற முன்பணத்துக்காக ஆண்டு முழுவதும் அவரிடமே தானியக் கூலிக்கு உழைத்து, கடன் தீராமல் வேறிடம் போக முடியாதிருந்த வேளாண் தொழிலாளரின் கட்டுநிலையை, இந்த இளைஞர்கள் கூலி வகைகளில் ஒன்றாகவே பதிந்தனர். பதிந்தார்களே என்பதுதான் இன்று முதன்மையானது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு எத்தனை கலம் நெல் கிடைத்தது என்று அந்தக் காலத்தில் எழுதிவைக்க எண்ணியவர் வேறு மிகச் சிலரே.

வெளிவந்த நூலால் அந்த ஊர்களுக்கு அன்று விளைந்த பயன் எதுவும் இல்லை என்றே கூற வேண்டும். நூல் ஆங்கிலத்தில் இருந்தது. படித்தவர்கள் பல்கலைக்கழகத்தாரும் அரசு அலுவலரும். ஊரில் அதைப் பெற்றுக்கொள்ளத்தக்க அமைப்பும் அன்று அரிது. 1904ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டப்படி சென்னை மாகாணத்தில் முதல் வேளாண் கடன் சங்கம் திரூரில் பதிவாகிப் பதினான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. மற்றபடி ஊரில் 'குழு' என்று இருந்தவை சாதிப் பஞ்சாயத்தும் கோயில் நிருவாகமும். அவற்றில் எதுவும் மாணவர் எழுதிய தாளைக் கேட்டு வாங்கும் நிலையில் இல்லை. வாங்கியிருந்தாலும் அது படியாளின் கைக்குப் போயிராது.

ஊராய்வு ஊராரின் வழக்குக்கு ஆதாரமாக முடியும் என்பதைக் காட்டியவர், தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே. சி. குமரப்பா. காட்டிய இடம் தமிழகம் அன்று. இலண்டனில் கணக்காயராகத் தேர்ந்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதி பயின்று, 1929இல் காந்தியைச் சந்தித்த அவர், குசராத் வித்தியாபீடத்தின் மாணவர்களைக் கொண்டு கேடா மாவட்டத்து மாதர் என்னும் வட்டத்தில் பொருளாதார ஆய்வு நடத்தினார். அறிக்கை 1931இல் நூலாக வந்தது. வினாப்பட்டியல், வீடுவீடாகக் கேட்டறிதல், வரவு செலவுக் கணக்கு என்று முறையளவில் ஸ்லேட்டரின் ஆய்வோடு ஒப்பிடத்தக்கதே. நோக்கமோ வேறு. குடியானவர் சாகுபடிச் செலவைக் கழித்த பின் நிலவரி செலுத்தும் அளவுக்கு மிச்சம் வைத்திருக்கிறாரா என்ற ஒரே கேள்வியைச் சுற்றி அந்த ஆய்வு அமைந்தது. வரி தாங்க முடியாத சுமை என்பதை அரசின் முன் நிறுவுவதற்கு அதன் எண்கள் பயன்பட்டன. வித்தியாபீட மாணவரும் தேர்வுக்காக அல்லாமல் ஒரு வழக்குக்காகவே கணக்கெடுத்தனர். கேள்வியை யார் எழுப்புகிறார் என்பது மாறியதும் அதே கருவி வேறு வேலை செய்தது. ஆயினும் ஒரு வழக்குக்காகத் திரட்டிய எண்களுக்கு அந்த வழக்கு முடிந்ததும் ஆயுள் குறைந்துவிடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். மாதர் வட்டத்து அறிக்கை காந்தியப் பொருளியலின் வரலாற்று ஆவணமாக இன்று மதிக்கப்படுகிறதே தவிர, ஸ்லேட்டர் ஊர்களைப் போல் தலைமுறைதோறும் திரும்பிச் செல்லும் களமாக ஆகவில்லை.

ஸ்லேட்டர் நாடு திரும்பிய பின், பேராசிரியர் பி. ஜே. தாமஸ் 1936–37இல் அதே ஊர்களுக்குத் தம் துறையினரை அனுப்பினார். அவரும் கே. சி. இராமகிருஷ்ணனும் பதிப்பித்த மறு ஆய்வு 1940இல் வந்தது. மறு ஆய்வு என்பது முன்பு ஆராய்ந்த ஊரையே, முடிந்தவரை அதே கேள்விகளோடு, ஓர் இடைவெளிக்குப் பின் மீண்டும் ஆராய்வது. இடைப்பட்ட இருபதாண்டில் உலகப் பொருளாதார மந்தம் வந்து தானிய விலை சரிந்திருந்தது. கடன் பணமாக நிலைத்து நிற்க, அதை அடைக்க விற்கும் நெல் மலிந்துபோனால் என்ன ஆகும் என்பதை இரு நூல்களையும் அருகருகே வைத்துப் படிப்பவர் காணலாம். பின்னர் 1960களில் மார்கரெட் ஹாஸ்வெல் இவ்வூர்களுக்கு வந்தார். அவருடைய நூல் 1967இல் வெளியாயிற்று. 1980களின் தொடக்கத்தில் சென்னை வளர்ச்சி ஆய்வு நிறுவனம் ஐந்து ஊர்களையும் மீண்டும் எடுத்துக்கொண்டது. எஸ். குகன் பாலக்குறிச்சியையும், கே. பரதனுடன் சேர்ந்து தூசியையும், மானிடவியலாளர் ஜோன் மென்சருடன் சேர்ந்து இருவேல்பட்டையும் ஆராய்ந்தார். வெங்கடேஷ் ஆத்ரேயா வடமலைபுரத்தையும் கங்கைகொண்டானையும் ஆராய்ந்தார்.

இருவேல்பட்டு தனித்துக் குறிப்பிடத்தக்கது. இன்று விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரில் ரெட்டியார் குடும்பம் ஒன்றின் கையில் நிலம் பெருமளவு குவிந்திருந்ததும், தாழ்த்தப்பட்ட மக்கள் படியாள்களாக உழைத்ததும் 1916 முதலே பதிவில் உள்ளவை. ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் 2008இல் அங்கு சென்று, 2010இல் எழுதிய ஆய்வில், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் போக்கை ஒரே ஊரில் தொடர்ந்து காட்ட முடிந்தது. நிலம் குவிந்த நிலை முற்றாக மாறிவிடவில்லை. ஆனால் வயலை விட்டு வெளியே கிடைத்த வேலையும், அரசின் நலத்திட்டங்களும், அரசியல் விழிப்பும் சேர்ந்து, உழைப்பவர் நிலவுடைமையாளரை நம்பியே வாழ வேண்டிய கட்டைத் தளர்த்தியிருந்தன. பாலக்குறிச்சி இருக்கும் கீழத் தஞ்சைப் பகுதியில் 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததையும், 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதையும் அறிந்தவர்கள், 1916இன் கூலிக் கணக்கை வெறும் எண்ணாகப் படித்துவிட முடியாது. பிற்காலத்தில் வேளாண் ஆய்வுக்கான ஒரு நிறுவனம் பாலக்குறிச்சியையும் வெண்மணியையும் சேர்த்தே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது பொருத்தமான செயல்.

இந்த நீண்ட தொடரில் ஒரு மாற்றம் ஓசையின்றி நிகழ்ந்துவிட்டது. முதல் ஆய்வைச் செய்தவர்கள் மாணவர்கள். அடுத்தடுத்த ஆய்வுகளைச் செய்தவர்கள் வரவர ஆய்வையே தொழிலாகக் கொண்டவர்கள். ஊராய்வு கல்விமுறை என்ற நிலையிலிருந்து புலமைத் துறை என்ற நிலைக்கு உயர்ந்தது. உயர்ந்தபோது மாணவரைக் கீழே விட்டுவிட்டது.

மாணவரை ஊரோடு இணைக்கும் பொறுப்பு இதற்கிடையில் வேறு கைகளுக்குச் சென்றிருந்தது. 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலின் வழியாகவே மற்றப் பாடங்களையும் கற்பிப்பது. அதற்குப் பாடத்திட்டம் வகுத்த குழுவின் தலைவர் ஜாகிர் உசேன். அக்கல்வியை நடத்த அமைந்த சங்கத்தின் செயலாளராகச் சேவாகிராமத்தில் வாழ்ந்தவர், இலங்கைத் தமிழரான ஈ. டபிள்யூ. ஆரியநாயகம். ஆதாரக் கல்வி பள்ளிக்கு உரியது. அதைக் கல்லூரிக்குக் கொண்டுவரும் எண்ணம் 1948–49இல் இராதாகிருஷ்ணன் தலைமையில் இயங்கிய பல்கலைக்கழகக் கல்விக் குழுவில் உருப்பெற்றது. ஜாகிர் உசேனும், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியாரும் அதில் உறுப்பினர். உடன் இருந்தார் ஆர்தர் மார்கன் என்ற அமெரிக்கப் பொறியாளர். ஒரு பருவம் படிப்பு, மறு பருவம் வெளியில் வேலை என்று மாணவரை மாற்றி மாற்றி அனுப்பும் முறையை ஆண்டியோக் கல்லூரியில் நடைமுறைப்படுத்தியவர். பின்னர் டென்னசி பள்ளத்தாக்கு அணைத் திட்ட நிறுவனத்தின் முதல் தலைவர். ஊரகப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்று குழு பரிந்துரைத்ததில் அவருடைய கை பெரிது.

இப்பரிந்துரை 1956இல் 'ஊரக உயர்கல்வி நிலையங்கள்' என்ற வடிவில் செயலுக்கு வந்தபோது, தமிழகத்தில் இரண்டு இடங்கள் தேர்வாயின: தி. சு. அவினாசிலிங்கம் கோவைக்கு அருகே வளர்த்த இராமகிருஷ்ண வித்யாலயமும், டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. இராமச்சந்திரனும் 1947இல் சின்னாளப்பட்டிக்கு அருகே தொடங்கிய காந்திகிராமமும். காந்திகிராமத்தின் சிறப்பு, கல்லூரிக்கு முன்பே ஊர்ப்பணி இருந்தது என்பது. மருத்துவமனையும், மகளிர் பயிற்சியும், நூற்பு நெசவும், ஆதாரப் பள்ளியும் நடந்துகொண்டிருந்த இடத்தில் பிற்பாடு கல்லூரி வந்தது. ஆகவே மாணவர் ஊருக்குள் போனபோது முன்பின் அறியாதவராகப் போகவில்லை. அந்த ஊர் ஏற்கெனவே அறிந்த ஒரு நிறுவனத்தின் ஆளாகப் போனார். அங்கு 'விரிவாக்கப் பணி' எனப்பட்டது, அதாவது கற்ற அறிவைக் கல்லூரிச் சுவருக்கு வெளியே கொண்டுசென்று பயன்படுத்தி, அங்கே எழும் கேள்விகளைத் திரும்பக் கொண்டுவருவது, பாடத்தின் ஒரு கூறாகவே அமைந்தது. கற்பித்தல், ஆய்வு ஆகியவற்றோடு விரிவாக்கமும் உயர்கல்வியின் மூன்றாம் கடமை என்று பல்கலைக்கழக மானியக் குழு 1977இல் ஏற்றுக்கொள்வதற்கு இருபதாண்டு முன்பே அங்கு அது நடைமுறையாக இருந்தது. ஆனால் அந்நிலையங்கள் வழங்கிய ஊரகப் பணிப் பட்டயத்தை வேலை கொடுப்போர் பட்டத்துக்கு ஈடாக மதிக்கத் தயங்கினர். ஊரக இளைஞர்களே ஊரகப் பட்டயத்தை விரும்பவில்லை. நாடெங்கும் தொடங்கிய நிலையங்களில் பல வழக்கமான கல்லூரிகளாக மாறின. காந்திகிராமம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகித் தப்பியது.

அதே காலத்தில் அரசு எடுத்த மற்றொரு வழி, எண்ணிக்கையால் பெரியது. கோத்தாரி கல்விக் குழு படிப்போடு சமூகப் பணியையும் சேர்க்கச் சொன்னதைத் தொடர்ந்து, நடுவண் கல்வி அமைச்சர் வி. கே. ஆர். வி. ராவ் 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கினார். ராவும் பொருளியல் பேராசிரியரே. இந்திய நாட்டு வருமானத்தை முறையாகக் கணக்கிட்ட முன்னோடி. கணக்கெடுப்பின் அருமை அறிந்த அவர் தொடங்கிய திட்டத்தில் கணக்கெடுப்புக்கு ஓரத்தில்தான் இடம் கிடைத்தது என்பது விந்தை. இரண்டாண்டில் 240 மணி நேரப் பணியும், ஓர் ஊரில் தங்கி நடத்தும் சிறப்பு முகாமும் இத்திட்டத்தின் உறுப்புகள். சாலை செப்பனிடுதல், குளம் தூர்வாருதல், மரக்கன்று நடுதல், கண் மருத்துவ முகாம் என்று தமிழகத்து ஊர்கள் பலவற்றில் இம்முகாம்களின் தடம் இருக்கிறது. முகாமில் தங்கித் திரும்பிய மாணவருக்கு அது வாழ்நாள் நினைவாக அமைந்ததையும் மறுக்க முடியாது. ஆனால் திட்டம் அளந்தது மணி நேரத்தை. தூர்வாரிய குளத்தில் அடுத்த ஆண்டு எவ்வளவு நீர் நின்றது, அதன் மதகை யார் திறக்கிறார், நட்ட கன்றுகளில் எத்தனை மரமாயின என்பவை எந்தப் பதிவேட்டிலும் கட்டாயமாக ஏற வேண்டியவை அல்ல. முகாம் முடிந்ததும் வேறு ஊர், வேறு மாணவர். 1916இன் மாணவர் ஊருக்கு எதையும் செய்யாமல் கணக்கை மட்டும் எடுத்துச் சென்றார். 1970களின் மாணவர் உழைப்பைக் கொடுத்துவிட்டுக் கணக்கை எடுக்காமல் போனார். தொண்ணூறு ஆண்டு கழித்து இருவேல்பட்டுத் தொழிலாளரின் நிலை எவ்வளவு மாறியது என்று சொல்ல உதவியது முதலாமவரின் தாள். இரண்டாமவரின் வியர்வைக்கு அப்படி ஒரு சாட்சி இல்லை. சேவையை உயர்த்தியும் ஆய்வைத் தாழ்த்தியும் பேசும் வழக்கமான மேடைப் பேச்சு இந்த முரணைக் காணத் தவறுகிறது.

மாணவருக்கு ஈடாக நின்று பேசும் தரப்பு ஊரில் தோன்றியது 1990களில்தான். தருமபுரியில் 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டம், பத்திருபது பெண்கள் சேர்ந்து சேமித்துத் தமக்குள் கடன் கொடுத்துக்கொள்ளும் சுய உதவிக் குழுக்களைப் பிற மாவட்டங்களுக்கும் பரப்பியது. 73ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின்படி 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்து, கிராம சபை சட்டத்தின் உறுப்பாயிற்று. அதுவரை கல்லூரி ஒன்று ஊருக்குள் நுழைய வேண்டுமானால் ஊர்த் தலைவரையோ பள்ளி ஆசிரியரையோ பெரிய நிலக்காரரையோ பிடிக்க வேண்டும். இப்போது தீர்மானப் புத்தகமும் கணக்குப் பேரேடும் கையொப்பமிடும் தலைவியும் உள்ள ஒரு குழு எதிரில் இருந்தது. 1916இல் திண்ணையில் நின்றவருக்கு எட்டாத அடுப்படிக் கணக்கு, குழுப் பெண்கள் தாமே எழுதும் பேரேட்டில் வரத் தொடங்கியது.

கேட்கும் முறையும் அதே காலத்தில் மாறியது. 'பங்கேற்பு ஊரக மதிப்பீடு' என்று பெயர் பெற்ற அம்முறையை வளர்த்தவர்களில் இராபர்ட் சேம்பர்ஸ் முதன்மையானவர். இந்தியாவில், குறிப்பாகத் தென்னகத்தில், தொண்டு நிறுவனங்கள் வழியாக அது விரைந்து பரவியது. வினாப்பட்டியலை ஒதுக்கிவிட்டு, ஊராரையே கூட்டி, அவர்களுடைய ஊரின் வரைபடத்தை அவர்கள் கையாலேயே தரையில் வரையச் செய்வதும், எந்த வீட்டில் குழந்தை பள்ளிக்குப் போகவில்லை, எந்தக் கிணறு கோடையில் வற்றும் என்பவற்றை விதையோ கூழாங்கல்லோ வைத்துக் குறிக்கச் செய்வதும் இதன் சாரம். கோலம் போடத் தெரிந்த பெண்களுக்கு வரைவதற்குத் தனிப் பயிற்சி தேவைப்படவில்லை. எழுதத் தெரியாதவர்களும் படத்தில் பிழை கண்டு திருத்தினர். காந்திகிராமத்தின் கிராமத் தங்கல் திட்டத்தில், மாணவர்கள் குழுவாகச் சில நாள் ஓர் ஊரில் தங்கிக் கற்கும்போது, இம்முறை வழக்கமான பயிற்சிகளில் ஒன்றாயிற்று. வேளாண் கல்லூரி மாணவர்களும் ஊர்களில் தங்கிப் பயிலும்போது இதையே கையாளுகின்றனர். 2014இல் நடுவண் அரசு தொடங்கிய உன்னத் பாரத் அபியான், அதில் சேரும் உயர்கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் ஐந்து ஊர்களையேனும் தேர்ந்துகொண்டு பணியாற்ற வேண்டும் என்றது. பழைய வினாப்பட்டியல் அதில் கைப்பேசிப் படிவமாகத் திரும்பி வந்திருக்கிறது.

தரையில் வரைந்த படத்துக்கு ஒரு நாள்தான் ஆயுள். மாலையில் பெண்களும் முதியவர்களும் கூடி நின்று, ஏரிக்கரையை இன்னும் வடக்கே தள்ளு என்றும், மேலத்தெருக் குழாயை விட்டுவிட்டாயே என்றும் சொல்லிச் சரிசெய்த ஊர், மறுநாள் விடியலில் தெரு பெருக்கப்படும்போது கலைந்துவிடும். அதற்குமுன் மாணவர்கள் அதைப் பெரிய தாளில் வண்ண மையால் படியெடுத்துக்கொள்வார்கள். படி ஒன்றானால் அது கல்லூரிக்குப் போய் மதிப்பெண்ணுக்கான அறிக்கையோடு தைக்கப்படும். இரண்டாவது படி எடுக்கப்பட்ட ஊர்களில், அது ஊராட்சி அலுவலகச் சுவரில் தொங்கும்.